நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்

ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஒரே கிராங்க் ஷாஃப்டைச் சுழற்றும் அமைப்பு நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்களுக்கு வந்த இவ்வகை, நெடுங்காலம் உயர்தரக் கார்களின் அடையாளமாக இருந்தது. 1980, 90களில் பெருமளவு ஒதுக்கப்பட்டது. கடந்த பத்தாண்டுகளில் மீண்டும் பல நிறுவனங்களின் கார்களில் இடம்பிடித்திருக்கிறது. பழமையானதால் மறைந்தது, புதுமை சேர்ந்ததால் திரும்பியது என்று இவ்வரலாற்றைச் சொல்வது வழக்கம். சான்றுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. இந்த எஞ்சினின் ஏற்ற இறக்கத்தில் அதன் தரத்துக்கு இருந்த பங்கு சிறியது. காரின் முன்பகுதியில் அதற்குக் கிடைத்த நீளமும், அதைத் தயாரிக்கும் ஆலையின் கணக்குமே பெரும்பாலும் முடிவெடுத்தன.

தரத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்ற இரண்டு இறங்கும். ஆனால் பாதையின் மேற்பகுதியில் பிஸ்டனின் வேக மாற்றம் கீழ்ப்பகுதியில் இருப்பதைவிடக் கடுமையானது. ஆகவே ஏறுபவையும் இறங்குபவையும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்வதில்லை. கிராங்க் ஒரு முறை சுற்றும்போது இரண்டு முறை எழும் அதிர்வு மிஞ்சுகிறது. ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்து, கிராங்கின் மடிப்புகளை 120 பாகை இடைவெளியில் அமைத்து, முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து ஏறி இறங்கும்படி செய்தால் அந்த மிச்சமும் அற்றுப்போகிறது. முன்பாதியின் ஆட்டத்தைப் பின்பாதி அப்படியே எதிர்த்து நிற்பதால் எஞ்சின் முன்னும் பின்னும் தலையாட்டுவதில்லை. 120 பாகைக்கு ஒரு சிலிண்டர் எரிவதால், ஒன்றின் உந்துதல் ஓயுமுன் அடுத்தது தொடங்கிவிடுகிறது. அதே ஆறு சிலிண்டர்களை மும்மூன்றாகப் பிரித்து வி வடிவில் சாய்த்தால் நீளம் பாதியளவுக்குக் குறையும். ஆனால் மூன்றுமூன்றாக நிற்கும் வரிசைகளுக்கே உரிய தலையாட்டம் வந்துவிடும். அதை அடக்கப் பல வி6 எஞ்சின்களில் தனியே ஒரு சமன்தண்டு சுழல்கிறது.

இந்த நன்மைக்கு முதலில் கொடுத்த விலை கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வு. நெதர்லாந்தின் ஸ்பைக்கர் 1903இல் ஆறு சிலிண்டர் காரை உருவாக்கியது. அடுத்து இங்கிலாந்தின் நேப்பியர் அதை விற்பனைப் பொருளாக்கியது. நீண்டு மெலிந்த ஷாஃப்ட் சில வேகங்களில் முறுகி அதிர்ந்தது. தொடக்ககால ரோல்ஸ் ராய்ஸ் ஆறு சிலிண்டர் கார்களில் உடையவும் செய்தது. 1906இல் வெளிவந்த ரோல்ஸ் ராய்ஸ் 40/50, மூன்று சிலிண்டர் கொண்ட இரண்டு வார்ப்புகளைப் பருமனான, ஏழு தாங்கிகளில் அமர்ந்த கிராங்கின் மேல் நிறுத்தி அச்சிக்கலைக் கடந்தது. சில்வர் கோஸ்ட் என்ற பெயரில் அந்தக் கார் பெற்ற புகழ் ஆறு சிலிண்டருக்கும் புகழானது. ஃப்ரெடெரிக் லான்செஸ்டர் முறுக்கு அதிர்வை உறிஞ்சும் கருவியை வடிவமைத்த பின் இந்தக் குறை பொறியியல் பாடமாகச் சுருங்கிவிட்டது.

பிறகு அது எளியோருக்கும் வந்தது. 1929இல் செவ்ரோலே நான்கு சிலிண்டர் விலையில் ஆறு சிலிண்டர் என்று அறிவித்து ஃபோர்டைத் திணறடித்தது; 1932இல் ஃபோர்டு வி8 எஞ்சினோடு பதிலடி கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் 1948இன் முதல் ஹோல்டன் காரும், 1960 முதல் 2016 வரை அங்கே தயாரான ஃபோர்டு ஃபால்கனும் இந்த எஞ்சினில்தான் பெருமளவு ஓடின. ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சின் 1948இல் பிறந்து 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து லெமான் பந்தயங்களை வென்று, 1992 வரை தயாரிப்பில் இருந்தது. இதே காலத்தில் இடநெருக்கடியும் தெரியத் தொடங்கியது. 1954இன் மெர்சிடிஸ் 300எஸ்எல் காரில் தாழ்ந்த பானெட்டுக்காக எஞ்சினை 50 பாகை சாய்க்க வேண்டியிருந்தது. கிரைஸ்லர் தன் 1960 மாடல் சிறிய கார்களுக்காக எஞ்சினை 30 பாகை சாய்த்தது. உயரத்தைச் சாய்த்துக் குறைக்கலாம். நீளத்தை எதைக்கொண்டு குறைப்பது?

அந்தக் கேள்விதான் பின்னர் தீர்ப்பாயிற்று. 1959இன் மினி, எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை ஓட்டும் முறையை உலகுக்கு உணர்த்தியது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவும் அதைப் பின்பற்றியது. ஜெனரல் மோட்டார்ஸின் 1980 மாடல் செவ்ரோலே சிடேஷனில் குறுக்காக நின்றது வி6. மோதலின்போது நசுங்கிக் காக்க வேண்டிய முன்பகுதியில் நீண்ட எஞ்சின் இடத்தை அடைத்தது. வி8 தயாரிக்கும் ஆலையிலேயே வி6உம் தயாரிக்கலாம் என்ற கணக்கு மெர்சிடிஸை 1997இல் 90 பாகை வி6இன் பக்கம் திருப்பியது. சமன்தண்டு வைத்தே அது அமைதியாக ஓடியது. ஜாகுவார், நிசான், டொயோட்டா ஆகியவையும் தத்தம் கார்களில் நேர்வரிசையைக் கைவிட்டன. 1968 முதல் இடைவிடாமல் அதைக் காத்தது பி.எம்.டபிள்யூ. பற்று மட்டும் அதற்குக் காரணமல்ல. பின்சக்கர இயக்கமும் நெடுக்காக வைத்த எஞ்சினும் அதன் கார்களில் தேவையான நீளத்தை விட்டுவைத்திருந்தன.

குறுக்காகவும் இதை வைக்கலாமே, வால்வோ எஸ்80 வைத்ததே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் 2006இல் வந்த வால்வோவின் 3.2 லிட்டர் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் போன்ற துணைக்கருவிகளைப் பின்புறம், கியர்பாக்ஸுக்கு மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. முடியாதது என்றல்ல, விலை கொடுத்தால்தான் முடியும் என்றே அது காட்டுகிறது. நீண்ட ஷாஃப்ட் வேகம் தாங்காது என்பது இன்னொரு வாதம்; 2000இன் பி.எம்.டபிள்யூ எம்3 நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளை எட்டியது. வி6உம் போதிய அமைதியுடையது, பயணிக்கு வேறுபாடு தெரியாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். அது என் கருத்துக்கே துணை: அமைதி அளவுகோலாக இருந்தபோதே வி6 வென்றது என்றால், முடிவெடுத்தது அமைதி அல்ல. நீளம் தடையாகாத கனரக லாரிகளும் பஸ்களும், அசோக் லேலண்ட் உட்பட, நேர்வரிசை ஆறை ஒருபோதும் பெரிதாகக் கைவிடவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மீட்சியும் அதே கணக்கில்தான் வந்தது. டர்போ எஞ்சின்களுக்குச் சிலிண்டர் ஒன்றுக்கு அரை லிட்டர் என்ற அளவு பொருத்தமாக அமைந்ததும், ஒரே அளவுச் சிலிண்டரை மூன்று, நான்கு, ஆறு என அடுக்கி ஒரே ஆலையில் தயாரிக்க முடிந்தது. பி.எம்.டபிள்யூவின் 1.5, 2, 3 லிட்டர் எஞ்சின்கள் இப்படித்தான் பிறந்தன. சென்னைக்கு அருகிலுள்ள அதன் ஆலையில் 2021 முதல் பொருத்தப்படும் எம்340ஐ காரிலும் அந்த 3 லிட்டர் எஞ்சின்தான் இருக்கிறது. வி6க்கு இரண்டு சிலிண்டர் தலைகளும் இரண்டு பக்கப் புகைவழிகளும் தேவை. நேர்வரிசையில் ஒரு பக்கம் குளிர்ந்த காற்று, மறுபக்கம் வெப்பம். புகைத் தூய்மைக் கருவியை எஞ்சினை ஒட்டியே வைத்து விரைவில் சூடேற்றலாம். 2017இல் மெர்சிடிஸ் திரும்பியபோது 48 வோல்ட் மின்சாரத்தால் துணைக்கருவிகளை இயக்கி, எஞ்சினின் முன்னால் இருந்த பெல்ட்டையே நீக்கி நீளத்தைக் குறைத்தது. 2019இல் ஜாகுவார் லேண்ட் ரோவரும், 2022இல் சிஎக்ஸ்-60க்காக மாஸ்டாவும் அவ்வழியில் வந்தன.

தரம் முடிவெடுப்பதில்லை என்பது எதிர்த்திசையிலும் பொருந்துகிறது. ஸ்டெல்லான்டிஸ் தன் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினின் அளவுகளில் உருவாக்கிய 3 லிட்டர் ஹரிக்கேன் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினை 2025 மாடல் ராம் 1500 பிக்கப்பில் வி8க்குப் பதிலாக வைத்தது. 395 குதிரைத்திறன் தந்த வி8ஐவிட அதன் தொடக்க வடிவமே 420 தந்தது, அதிர்வும் குறைவு. இருந்தும் வாங்குவோர் வி8ஐக் கேட்டார்கள். 2026 மாடலில் அது திரும்பி வந்தது.