மண்பானை, மரத்தூள், கொஞ்சம் வெள்ளி

தண்ணீரை வடிகட்ட இன்று எத்தனையோ இயந்திரங்கள். ஆனால் ஒரு மண்பானையே அந்த வேலையைச் செய்யும் என்றால் நம்புவீர்களா?

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1884-ல் லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஷார்ல் ஷாம்பர்லான், மெருகு பூசாத பீங்கானில் ஒரு குழாய் செய்தார். மெருகு பூசினால் நுண்துளைகள் அடைபட்டுவிடும். பூசாமல் விட்டால் தண்ணீர் மட்டும் கசிந்து வெளியே வரும், பாக்டீரியா உள்ளேயே தங்கிவிடும். 1892-ல் ரஷ்யாவின் திமித்ரி இவானோவ்ஸ்கி, நோய் கண்ட புகையிலையின் சாற்றை இதில் வடிகட்டினார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது! பீங்கானுக்கும் அடங்காத அந்தக் கிருமிதான் பின்னாளில் வைரஸ் என்று அறியப்பட்டது.

ஷாம்பர்லான் குழாய்க்குக் காப்புரிமை இருந்தது. அதைச் செய்ய நல்ல தொழிற்சாலையும் வேண்டும். ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கும் ஏழை என்ன செய்வான்?

இதற்கு விடை சொன்னவர் குவாத்தமாலாவின் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ். 1981-ல் அவர் உருவாக்கிய முறை மிக எளிது. களிமண்ணோடு சலித்த மரத்தூளைக் கலந்து பானை வனைய வேண்டும். நெல் உமி கலந்தாலும் சரி. சூளையில் மரத்தூள் எரிந்துபோக, அந்த இடமெல்லாம் நுண்துளைகளாகிவிடும். பிறகு மிக நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நீரைப் பானையில் பூசுவார்கள். கிருமிகளைக் கொல்வது இந்த வெள்ளியின் வேலை. மின்சாரமும் வேண்டாம், விறகும் வேண்டாம். மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் வடியும். அளவுக்கு மேல் வேகமாக வடிந்தால் எங்கோ விரிசல் என்று பொருள். அந்தப் பானையை ஒதுக்கிவிடுவார்கள்.

1998-ல் மிட்ச் புயல் நிகராகுவாவைப் புரட்டிப் போட்டது. குடிநீருக்கே மக்கள் தவித்தபோது, 'அமைதிக்கான குயவர்கள்' என்ற அமைப்பைச் சேர்ந்த ரான் ரிவேரா இந்தப் பானையைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பானையும் ஒரே அளவில் வருவதற்காக அச்சும் அழுத்தும் பொறியும் பயன்படுத்தினார். முக்கியமான விஷயம், செய்முறையை யாரும் பூட்டி வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கற்றுக்கொடுத்தார்கள். கம்போடியா, கானா என்று பல நாடுகளில் பட்டறைகள் எழுந்தன.

குறைகளும் உண்டு. பானை உடையும். துளை அடைத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். 1892-ல் பீங்கானை ஏமாற்றிய வைரஸ் இந்தப் பானையையும் பெருமளவு ஏமாற்றிவிடும்.

நைஜீரியாவில் ஒரு பட்டறை அமைக்கப் போன இடத்தில் ரிவேராவுக்கு மலேரியா தொற்றியது. 2008-ல் அவர் இறந்தார். விற்றிருந்தால் பணம் சேர்ந்திருக்கும். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார், பானைகள் இன்றும் வடிந்துகொண்டிருக்கின்றன.