கருப்புத் திரவம் களிம்பான கதை

செய்தித்தாளின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் சில நாட்கள் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் தாள் பழுப்பேறியிருக்கும். நாணயம் இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்தே இருக்கும். மலிவான தாளில் நீக்காமல் விடப்படும் லிக்னின் செய்கிற வேலை இது. மரத்தின் நார்களை இறுக்கிப் பிடித்து அதை நிமிர்ந்து நிற்கச் செய்வதும் இதே லிக்னின்தான். அதிலுள்ள பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். அதில் தாமே சிதைந்து நிறம் மாறும். தாளுக்குக் கேடான இந்தக் குணம் தோலுக்கு உதவாதா?

அப்படிக் கேட்கவே நெடுங்காலம் ஆயிற்று. 1813-ல் சுவிட்சர்லாந்தின் தெ கந்தோல் லிக்னினுக்குப் பெயர் வைத்தார். 1838-ல் பிரான்சின் அன்செல்ம் பாயென் மரத்தை அமிலத்தில் இட்டு, நாரின் மூலப்பொருளான செல்லுலோசைப் பிரித்தெடுத்தார். அதன்பின் எல்லோர் கண்ணும் செல்லுலோஸ் மேல்தான். மைசூர் சமஸ்தானம் 1936-ல் நிறுவிய பத்ராவதி காகித ஆலைக்கும் வேண்டியிருந்தது நார்தான். மரத்துண்டுகளை காஸ்டிக் சோடாவும் சல்பைடும் சேர்த்து வேகவைத்தால் லிக்னின் கரைந்து கருப்புத் திரவமாகும். ஆலைக்காரர்கள் அதை ‘பிளாக் லிக்கர்’ என்பார்கள். கொதிகலனில் எரித்து நீராவி எடுப்பார்கள், சோடாவையும் மீட்பார்கள். அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை.

2015-ல் சீனாவின் குவாங்சோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கனடிய வேதியியலாளர் ஒருவருடன் சேர்ந்து, கடையில் விற்கும் எஸ்.பி.எஃப். 15 சன்ஸ்கிரீனில் 2 சதவீதம் லிக்னினைக் கலந்தார்கள். காப்பு ஏறத்தாழ 30-க்கு உயர்ந்தது. புற ஊதாக் கதிர் பட்டபின் வலு குறையவில்லை, கூடியது.

பிறகு ஏன் கடைக்கு வரவில்லை? நிறம்தான் பெரிய தடை. களிம்பு காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விடும். வெளுக்க வைக்கத்தான் பல ஆய்வுகளும் மெனக்கெடுகின்றன. எனக்கென்னவோ இது வெள்ளைத்தோல்காரர்களின் கவலையாகப் படுகிறது. துத்தநாக ஆக்சைடு களிம்பைப் பூசிக்கொண்டு சாம்பல் பூத்த முகத்தோடு அலைவது நாம்தானே! நமக்குப் பழுப்பே பொருந்தும்.

முதல் உலகப்போரில் ஏற்றுமதி நின்று தேங்கிய சந்தனக்கட்டையை, மைசூரில் எண்ணெயாக வடித்து பெங்களூரில் சோப்பாக்கிய நாடு இது. கரும்புச் சக்கைக்குப் பக்கத்து மண்டியாவில் பஞ்சமில்லை. சக்கையிலும் லிக்னின் உண்டு. இங்குள்ள வேதியியலாளர்கள் நம் தோலுக்கென்று ஒரு களிம்பு செய்து பார்க்க வேண்டும். ஒன்று மட்டும்: ஆலைத் திரவத்தை யாரும் வீட்டில் பூசிப் பார்க்காதீர்கள். அதிலுள்ள சோடா தோலை வேகவைத்துவிடும்.