தெஹியோவிட்டத் தோட்டங்களில் அம்மன் வழிபாடு

கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடையே அமைந்த சிறு நகரம் தெஹியோவிட்ட. அதைச் சுற்றி இறப்பர்த் தோட்டங்கள். தொழிலாளரின் வரிசை வீடான லயம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மாரியம்மன் கோவிலும் இருக்கும். குடியிருந்த லயத்து அறையான காம்பரா தோட்டத் துரைக்குச் சொந்தம், கால் பதித்த நிலம் கம்பனிக்குச் சொந்தம் என்று வாழ்ந்த மக்கள், தங்களுடையது என்று உரிமையோடு சொன்னது அந்தக் கோவிலை மட்டுமே. நிலையற்ற வாழ்வில் அவர்கள் கண்ட நிலையான பிடிப்பின் வரலாறு அதில் அடங்கியுள்ளது.

இலங்கையின் கோப்பிப் பயிர் 1869 முதல் பரவிய இலைநோயால் அழிந்ததும் 1880களில், தெஹியோவிட்ட அமைந்த களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை பரவியது. 1876இல் ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலை ஏறியதும் இந்த ஈரப்பதமான தாழ்ந்த மலைகளை நிறைத்தது. களனிவெளி ரயில் பாதை 1902இல் அவிசாவளையை எட்டியது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டி வந்தனர். வழிச்செலவு கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடனைக் காட்டி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு ஆட்களைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. காலராவும் அம்மையும் வழியிலும் லயத்திலும் பலரைக் கொண்டுபோயின. அம்மை நோயின் தெய்வமான மாரியம்மன் இம்மக்களின் முதல் துணையானது இயல்பு.

தொடக்கத்தில் கோவில் என்பது மரத்தடியில் நட்ட ஒரு கல், ஒரு சூலம். பிறகு தகரக் கொட்டகை, அதன்பின் கட்டடம். செலவுக்கு ஒவ்வொரு குடும்பமும் வரி கொடுத்தது. பல தோட்டங்களில் அது சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. மாதச் சம்பளம் அரிசிக்கும் கடனுக்கும் போதாத காலத்திலும் கோவில் வரி நின்றுபோகவில்லை. கோவிலில் பெரிய கங்காணி பெற்றுவந்த முதல் மரியாதை, தொழிற்சங்கங்கள் வந்தபின் தோட்டத் தலைவர்களின் கைக்கு மாறியது.

தமிழகத்தின் வறண்ட ஊர்களில் மாரியம்மன் மழை தரும் தாய். களனிப் பள்ளத்தாக்கிலோ மழைக்குக் குறைவில்லை, மழையே இங்கே இழப்பு. இறப்பர் மரத்தின் பால்வெட்டு விடிகாலையில் நடக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் பட்டை நனைந்து, பால் சிரட்டையில் சேராமல் மரத்தில் பரந்து வீணாகும். அன்று வேலை நின்றால் முழுப் பேர் (முழுநாள் கூலி) கிடையாது, சில வேளை அரைப் பேருக்கும் வழியில்லை. ஊரில் மழை வேண்டி மண்டியிட்டவர்களின் பிள்ளைகள், இங்கே வெட்டு நாள் தவறக் கூடாது என்று வேண்டினார்கள். கேட்கும் வரம் மாறினாலும் அவளைவிட்டு அவர்கள் விலகவில்லை.

ஆண்டுத் திருவிழா காப்புக் கட்டுடன் தொடங்கும். காப்புக் கட்டியவர் விரதம் காப்பார். ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, தப்பும் உறுமியும் முழங்க ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். முளைப்பாரி, மாவிளக்கு, பால்குடம், தீமிதி, மஞ்சள் நீராட்டு என்று விழா வளரும். சாமி லயம் லயமாக வரும்; ஒவ்வொரு வாசலிலும் சாணி மெழுகி, கோலமிட்டு, குத்துவிளக்கு ஏற்றி வரவேற்பார்கள். மற்ற நாளெல்லாம் விடியுமுன் தப்படித்து மக்களைப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) எழுப்பிய அதே கைகள், அன்று சாமி ஆடுவதற்காக அடிக்கும். வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் தாய்வீடு வருவார்கள். வேலைக்கணக்கில் வெறும் ஓர் எண்ணாக இருந்தவர், அன்று கரகம் எடுப்பவராக, நேர்த்திக்கடன் செலுத்துபவராக, பேரும் முறையும் உள்ள மனிதராக நிற்பார். இந்த மகிழ்ச்சி துன்பத்தை மறக்க வைத்த மயக்கமல்ல. மறுநாள் பெரட்டுக்களத்தில் தலைநிமிர்ந்து நிற்க வலுவூட்டியதும் அதுதான்.

மாசியில் நடக்கும் காமன் கூத்தும் மலையகத் தோட்டங்களின் பெருவழக்கு. சிவனின் நெற்றிக்கண்ணால் எரிந்த காமன், ரதியின் புலம்பலுக்கு இரங்கி மீண்டும் உயிர்பெறுவான். உறவுகளை இழந்து வந்தவர்களுக்கு அது தங்கள் கதையாகவே பட்டது. மார்கழிப் பஜனை விடியலை நிறைத்தது. கிறிஸ்தவத் தொழிலாளருக்கும் அவர்களின் இறைப்பற்று இதே அரணாக இருந்தது. 1854இல் கண்டியில் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களைக் கொண்டு தோட்டந்தோட்டமாக ஜெபக்கூட்டங்களையும் பள்ளிகளையும் நடத்தியது.

அயலில் இருந்த சிங்களக் கிராமங்களுக்கும் இந்த நம்பிக்கை அந்நியமல்ல. களனி ஆற்றங்கரையின் நவகமுவை தேவாலயத்தில் வணங்கப்படும் பத்தினித் தெய்வமும் அம்மை நோயிலிருந்து காப்பவளே. ஆயினும் நோயும் அரசியலும் தோட்ட மக்களை அடுத்தடுத்துச் சோதித்தன. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியா கேகாலை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1946இல் அதே மாவட்டத்தின் உந்துகொடையில், நேவ்ஸ்மியர் தோட்டத்துத் தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட, அதை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. 1977, 1981, 1983 வன்செயல்கள் கேகாலை அடங்கிய சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறியிருந்ததால் இங்குள்ளோர் நுவரெலியாத் தோட்ட மக்களைவிடத் தனித்து நின்றனர்.

அந்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்தின் புனலூர், கர்நாடகத்தின் சுள்யா, கன்னியாகுமரி மாவட்டம் ஆகிய இடங்களின் அரசு இறப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இன்னொரு பகுதியினர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். பால்வெட்டுக் கத்தியும் கைப்பழக்கமும் போலவே அம்மனும் திருவிழாவும் அவர்களுடன் சென்றன. இலங்கையிலேயே தங்கியவர்கள் பழைய கோவிலைக் காத்துநின்றனர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. 1992இல் தோட்ட நிர்வாகம் அரசிடமிருந்து மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. சம்பளம், காணி, வீடு ஆகிய கோரிக்கைகள் இன்னும் தீரவில்லை. இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்து அனுப்பும் பணத்தில் தகரக் கொட்டகைகள் கோபுரம் கொண்ட கோவில்களாகின்றன. திருவிழாவுக்கு அவர்கள் விடுப்பெடுத்து வருகிறார்கள். உரிமைகளைப் பறித்தவர்களால் இந்த நம்பிக்கையைப் பறிக்க முடியவில்லை. கடவுள் தங்களைக் கைவிடவில்லை என்ற உறுதி, கைவிடப்பட்ட ஒரு சமூகத்தை ஒன்றாக வைத்திருந்தது. உரிமைக்காகப் போராடும் பொறுமையும் அவர்களுக்கு அதிலிருந்தே கிடைத்தது.