கான் சாகிபு: கம்பெனி வளர்த்த எதிரி

வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பேரை வேண்டுமென்றே தப்பாக வாசித்துச் சிரிப்போம். 'கான் சாகிபு பேர்ல இருக்கிற ஊருடா அது' என்று தாத்தா ஒருநாள் அதட்டினார். அப்போது கான் சாகிபு யாரென்று எனக்குத் தெரியாது. பிற்பாடு வேலைக்குப் போய், ராத்திரி ஷிஃப்டில் நேரம் கிடைத்தபோது எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய புத்தகத்தைப் படித்தேன். சிரித்ததற்காக அப்போதுதான் வெட்கப்பட்டேன்.

ராமநாதபுரம் சீமையில் பனையூரில் 1725 வாக்கில் பிறந்தவர் மருதநாயகம். இஸ்லாத்துக்கு மாறி யூசுப் கான் ஆனார். சாதாரணச் சிப்பாயாக ஆரம்பித்தவர் கிளைவிடமும் ஸ்டிரிஞ்சர் லாரன்சிடமும் போர்த்தொழில் கற்றார். 1750களில் திருச்சி முற்றுகையின்போது பட்டாளத்துக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேர்ந்தால்தான் சண்டை நடக்கும். அந்தப் பாதையைக் காப்பதில் பேர் வாங்கி, கம்பெனிச் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் கமாண்டண்ட் ஆனார். கம்பெனி தங்கப் பதக்கமும் கொடுத்தது.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். யூசுப் கான் கோட்டைக்கு வெளியே இருந்துகொண்டு லாலியின் படைக்கு வரும் உணவையும் பொருளையும் மறித்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரியில் லாலி பின்வாங்கினார். திருச்சியில் சப்ளையைக் காத்தவர் இங்கே சப்ளையை வெட்டினார். ரெண்டும் ஒரே வித்தைதான்.

அதன் பிறகு மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து நிர்வகிக்க வந்தார். எங்கள் பக்கத்துக் கதை இங்கேதான் சிக்கலாகிறது. இந்தக் கரிசல் காட்டில் பாளையக்காரர்களை அடக்கியவர் அவர். 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்தவரும் அவர்தான். சிவகாசியில் பட்டாசு மருந்து வாசனை வருவதற்கு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பக்கம் வெடிமருந்து புகைந்தது என்றால், அதில் பாதிப் புகை அவர் பீரங்கியிலிருந்து வந்தது. அதே ஆள்தான் வியாபாரிகள் பயமில்லாமல் போய்வர வழி செய்தார். கண்மாய்களைச் செப்பனிட்டார். வரி ஒழுங்காக வந்தது.

ஒழுங்காக வந்ததுதான் பிரச்சினை. 1761இல், ஆண்டுக்கு ஏழு லட்சம் ரூபாய் தருகிறேன், குத்தகையை நீட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்கு இந்த ஆள் வளர்வது பிடிக்கவில்லை. கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்தது.

கொஞ்சம் உலக வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அது ஏழாண்டுப் போரின் காலம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், போரில் ஆள் குறைந்தபோது பிரபு வம்சத்தில் பிறக்காதவர்களையும் அதிகாரிகள் ஆக்கினார். 1763இல் போர் முடிந்ததும் அவர்களில் பலரைக் கழித்துக்கட்டினார். அதே ஆண்டு பாரிஸ் உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று அங்கீகரித்தது. கடல் தாண்டி யாரோ போட்ட ஒரு கையெழுத்து, மதுரையில் இருந்த குத்தகைதாரரின் நிலையை இன்னும் மோசமாக்கியது. இனி நவாபை மீறுவது உடன்படிக்கையையே மீறுவதுபோல் ஆகிவிட்டது. அவரோ மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். பிரான்சு ஏற்கெனவே சமாதானம் பேசி முடித்திருந்தது. சண்டையிலிருந்து விலகிவிட்டவர்களின் கொடி அது.

1763இல் மான்சனும் பிரெஸ்டனும் மதுரையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். 1764இல் காம்ப்பெல் தலைமையில் மறுபடி வந்தார்கள். ஜூன் மாதத் தாக்குதலும் சிதறியது. பிரெஸ்டன் காயப்பட்டு இறந்தார். அப்புறம் கம்பெனி வேறு வழிக்கு மாறியது. கோட்டைக்குள் சோறு போகவிடாமல் மறித்தது. கான் சாகிபு சென்னையில் லாலியிடம் காட்டிய அதே வித்தை, இப்போது அவருக்கே திரும்பி வந்தது. பட்டினி கிடந்த கோட்டைக்குள் பிரெஞ்சு அதிகாரி மார்ஷாந்தும் திவான் சீனிவாச ராவும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பியதாகச் சொல்கிறார்கள். செத்த பிறகும் அவர் ஒன்றாக இருப்பது அவர்களுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

வீரனா, துரோகியா? நெற்கட்டும்செவலில் ஒரு பதில் வரும், மதுரையில் வேறு பதில் வரும். ரெண்டும் பொய்யில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு விஷயம். இன்றைக்கு வீரர்களை சாதி, மதம் பார்த்துப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆளுக்கொரு சிலை, ஆளுக்கொரு குருபூஜை. இந்துவாகப் பிறந்து, முஸ்லிமாக வாழ்ந்து, வெள்ளைக்காரனுக்காக ஜெயித்து, வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்த மனிதனை எந்த வரிசையில் நிறுத்துவது? நிறுத்த இடமில்லாததால்தான் நாம் அவரை மறந்துபோனோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அங்கே போய்விட்டு, அப்படியே கான்சாபுரமும் போனேன். பஸ்ஸிலிருந்து ஒரு பாட்டி முறுக்குப் பையோடு இறங்கினார். 'இது யார் பேர்ல வந்த ஊரு தெரியுமா பாட்டி?' என்றேன். 'கான் சாகிபு பேருதான்யா, வேற யாரு பேரு' என்றார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.