தரையில் ஊற்றிய நீர்: ஜெஹூத்திஹோதெப் கல்லறை ஓவியமும் பெருங்கல் இழுவையும்

எகிப்தியர் பெருங்கற்களை எப்படி நகர்த்தினார்கள் என்ற கேள்விக்கு அவர்களே வரைந்து வைத்த விடை ஒன்று உண்டு. நடு எகிப்தில் நைலின் கீழ்க்கரையில் உள்ள டெய்ர் எல்-பெர்ஷாவில், கி.மு. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெஹூத்திஹோதெப் என்ற மாகாணத் தலைவரின் கல்லறைச் சுவரில் அது இருக்கிறது. அமர்ந்த நிலையில் அவருடைய மாபெரும் சிலை ஒரு மரச் சறுக்குச் சட்டத்தின் மேல் வடங்களால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. நான்கு வரிசைகளில் 172 பேர் அதை இழுக்கிறார்கள். சிலையின் உயரம் 13 முழம் என்று கல்வெட்டு சொல்கிறது. இன்றைய அளவில் ஏறக்குறைய 6.8 மீட்டர். எடை 58 டன் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இந்த ஓவியத்தைப் பற்றி எழுதியவர்களின் கண் பெரும்பாலும் இழுப்பவர்களின் எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டது. என் பார்வையில் ஓவியத்தின் உயிர் வேறோர் ஆளிடம் இருக்கிறது. சறுக்குச் சட்டத்தின் முன்நுனியில் நின்று, குடத்தைச் சாய்த்துத் தரையில் நீர் ஊற்றுகிறானே, அவனிடம்.

அவன் செய்வது சடங்கு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அப்படிக் கருத இடமில்லாமல் இல்லை. அதே காட்சியில் ஒருவன் சிலைக்குத் தூபம் காட்டுகிறான். எனவே நீரும் தூய்மைப்படுத்தும் நீராக இருக்கலாம் என்று எண்ணினார்கள். ஆனால் ஓவியன் இருவரையும் வேறுபடுத்தியே வரைந்திருக்கிறான். தூபம் சிலையை நோக்கிப் போகிறது. நீரோ சட்டம் அடுத்து ஏறப்போகும் நிலத்தின்மேல் விழுகிறது. கீழே காவடிபோல் தோளில் தண்டு சுமந்து, இருபுறமும் குடங்கள் தொங்க, மேலும் சிலர் நீர் கொண்டுவருகிறார்கள். ஒரு சடங்குக்கு ஒரு குடம் போதும். இங்கே காட்டப்பட்டிருப்பது இடைவிடாத நீர் வழங்கல்.

2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பொன்னின் குழு இதைச் சோதனைச்சாலையில் சோதித்து, முடிவை 'ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டது. காய்ந்த மணலில் சட்டத்தை இழுத்தால் அதன் முன்னே மணல் குவிந்து தடுக்கிறது. சரியான அளவில் ஈரம் சேர்ந்தால் மணல் துகள்களை நீர் பாலம்போல் பிணைக்கிறது, மணல் இறுகுகிறது, குவியல் எழுவதில்லை, இழுவிசை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஈரம் மிஞ்சினால் அந்தப் பயன் போய்விடுகிறது.

நீர் ஊற்றியவனுக்கு இந்த ஆய்வு நியாயம் செய்தது. ஆயினும் புதிர் இத்துடன் தீர்ந்துவிட்டதாக ஊடகங்கள் எழுதியதை ஏற்க இயலவில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈர மணலில் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.3. 58 டன்னை இழுக்க 17.4 டன் விசை வேண்டும். 172 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 101 கிலோ. காலை ஊன்றி ஒரு கணம் அந்த விசையைக் கொடுக்கலாம். பாலைவனச் சாலையில் நாள் முழுதும் கொடுக்க முடியாது. ஆளுக்கு 35 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 6 டன். அப்போது குணகம் 0.1ஐ ஒட்டி இருந்தாக வேண்டும். ஆகவே, ஓவியத்தின் 172 வெறும் அடையாள எண்ணாக இருக்க வேண்டும். அல்லது சட்டம் ஓடிய தளம் மணலைவிட வழுக்கலானதாக இருக்க வேண்டும். முதலாவதை முற்றாக மறுக்க முடியாது. கல்லறை ஓவியம் கணக்கேடு அல்ல. ஆனால் இரண்டாவதற்கு மண்ணிலேயே சான்று இருக்கிறது.

நூபியாவின் மிர்கிஸ்ஸாவில், நைலின் இரண்டாம் அருவியைத் தவிர்த்துப் படகுகளைத் தரைவழியே இழுக்க அமைத்த பாதை அகழ்ந்தெடுக்கப்பட்டது. குறுக்கே மரக்கட்டைகளைப் பரப்பி, மேலே நைல் வண்டலைப் பூசியிருந்தார்கள். அந்தச் சேற்றில் படகின் அடிப்பகுதி உரசிய தடமும் இழுத்தவர்களின் காலடித் தடங்களும் அப்படியே காய்ந்து கிடந்தன. லிஷ்டில் முதலாம் செனுஸ்ரெத்தின் பிரமிடைச் சுற்றியும் மரக்கட்டைகள் பதித்த இழுவைச் சாலைகள் கிடைத்திருக்கின்றன. இவை ஜெஹூத்திஹோதெப் வாழ்ந்த நடு அரசுக் காலத்தவை. நனைந்த வண்டலின் வழுக்கல் வயலில் இறங்கிய எவருக்கும் தெரியும்.

நீர் ஊற்றுபவன் ஏன் சட்டத்தின் நுனியிலேயே நிற்கிறான் என்பதும் இப்போது விளங்குகிறது. முன்கூட்டியே பாதை முழுவதும் நனைத்தால் வடம் பிடிப்பவர்களின் கால் வழுக்கும். சட்டத்தின் அடியில் ஈரம், ஆட்களின் காலடியில் காய்ந்த தரை: இரண்டும் ஒருசேரக் கிடைக்க, சட்டம் ஏறும் கணத்துக்குச் சற்று முன்புதான் ஊற்ற வேண்டும். நெடுநாள் கைப்பழக்கம் இல்லாமல் இந்த அளவும் நேரமும் வாய்க்காது.

கற்களை உருளைக்கட்டைகளின் மேல் வைத்து உருட்டினார்கள் என்ற கருத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உருளைக்கு உறுதியான, சமமான தளம் வேண்டும். மணலில் அது புதையும். சறுக்குச் சட்டங்கள் ஓவியங்களிலும் உள்ளன, பொருளாகவும் கிடைத்திருக்கின்றன.

சமதளத்துக்குப் பொருந்துவது ஏற்றத்துக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலையின் கல் வெட்டப்பட்ட ஹத்நூப் அலபாஸ்டர் சுரங்கத்தில், 2018இல் பிரெஞ்சு, பிரித்தானிய ஆய்வாளர்கள் செங்குத்தான சரிவுப்பாதை ஒன்றைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். இருபுறமும் படிக்கட்டுகள், கம்பங்கள் நட்ட குழிகள். மன்னன் குஃபுவின் காலத்தைச் சேர்ந்த அந்த அமைப்பில் கம்பங்களில் வடத்தைச் சுற்றி இழுத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வோர் உத்தி என்பதற்கு இது நல்ல சான்று.

கல்வெட்டைத் திரும்பப் பார்த்தால், அதில் குறிப்பாகச் சொல்லப்படும் இடர் சாலையைப் பற்றியது: சிலை வந்த வழி மிகக் கடினமானது என்கிறது. பெருங்கல் இழுவையை ஆராய்பவர்கள் எந்திரத்தைத் தேடும் நேரத்தில் பாதியையாவது பாதையைத் தேடுவதில் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லைக் கோயிலில் காணலாம். அதைக் கொண்டுவந்த சாலை காற்றுக்கும் புதிய சுரங்கங்களுக்கும் பலியாகிறது. ஜெஹூத்திஹோதெப்பின் சிலை இதுவரை கிடைக்கவில்லை. ஹத்நூப்பிலிருந்து நைலை நோக்கி வரும் பழைய சாலையில், பள்ளங்களைக் கடக்க அடுக்கிய கற்கரைகள் இன்னும் இருக்கின்றன.