மாட்டுப் புண்ணுக்கு பினாயில் ஊத்தலாமா? கிருமிநாசினிகள் எப்படி சோதிக்கப்படுகின்றன?

முள்கம்பியில் கிழித்துக்கொண்டு வீடு திரும்பும் மாடு... காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் பெருநகர் போன்ற ஊர்களில் கால்நடை வளர்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. உடனே கைக்குக் கிடைப்பது பினாயில் அல்லது மண்ணெண்ணெய். "கிருமி செத்தா புண்ணு தானா ஆறிடும்" என்பது பலரின் கணக்கு. அது சரியா?

பாதிதான் சரி. கிருமியைக் கொல்வது வேறு, புண்ணை ஆற்றுவது வேறு. அதனால்தான் மருந்துகளை இரண்டுக்கும் தனித்தனியாக சோதிக்கிறார்கள்.

ஆய்வகத்தில் என்ன நடக்கும்?

கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, மருந்தில் நனைத்த காகித வில்லையை வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றி கிருமி வளராத வட்டம் தெரியும். அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள். ஆனால் பெரிய வட்டம் வந்தாலே நல்ல மருந்து என்று சொல்லிவிட முடியாது. ரத்தமும் சீழும் இருந்தால் அயோடின் மருந்தின் வீரியம் குறையும். ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியோடு சேர்த்து, புதுத்தோலை உருவாக்கும் செல்களையும் பாதிக்கும்.

அடுத்த கட்டம் என்ன?

மயக்கம் கொடுத்த எலிகளில் ஒரே அளவு காயம் ஏற்படுத்தி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு வெறும் உப்புநீரும் போட்டு, காயம் சுருங்கும் வேகத்தை ஒப்பிடுவார்கள். இதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம்.

குப்பைமேனி வைத்தியம்?

குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் அரைத்து, தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்துத் தடவும் முறையை தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கிறது.

அப்போ என்ன செய்யணும்?

* முதலில் சுத்தமான தண்ணீர் அல்லது உப்புநீரால் புண்ணை நன்றாகக் கழுவுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.
* போவிடோன் அயோடின் கரைசலை லேசான டீ நிறம் வரும் அளவுக்கு நீர்த்து, அதில் கழுவலாம்.
* பினாயில், மண்ணெண்ணெய் வேண்டாம். தோல் வெந்துபோகும், மாடு நக்கினால் உடலுக்குள்ளும் போகும்.
* நாய் கடித்த காயமா? கையுறை போட்டு, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே டாக்டரிடம் தடுப்பூசி கேளுங்கள்.

ஆழமான காயம், புழு, துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் கைவைத்தியத்தில் நாள் கடத்தாதீங்க. கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணை அழையுங்கள்.