லண்டனில் எழுதியதும் ஜொகூரில் எழுத வேண்டியதும்

காப்புரிமை முகவர் தேர்வுக்கு எந்த வகுப்பில் சேரலாம் என்று யோசிப்பவர்கள் கட்டணத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்ப்பார்கள். ஜொகூரில் இருப்பவர்கள் கொஞ்சம் சரித்திரத்தையும் பார்ப்பது நல்லது. பிரிட்டனில் காப்புரிமை பெற்றவர் மூன்றாண்டுக்குள் அதை இங்கே பதிந்துகொண்டால் போதும் என்றது மலாயாவின் 1951 சட்டம். கருவி உண்மையிலேயே புதியதா என்று ஆராய்ந்தது லண்டன். உரிமைக்கோரலைச் சொல் சொல்லாகச் செதுக்கியவர்கள் அங்குள்ள முகவர்கள். அவர்களுக்கு 1888 சட்டத்திலிருந்தே பதிவேடு உண்டு, மூத்தவரிடம் இருந்து தொழில் பழகும் மரபும் உண்டு. இங்கே மிஞ்சியது பதிவு வேலை. மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்தபோது விதி ஒரே நாளில் மாறியது. கோரல் எழுதக் கற்றுத்தரும் மூத்தவர்கள் ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. பயிற்சி வகுப்பு நிரப்ப வேண்டிய பள்ளம் அதுதான்.

ஜொகூரின் பாசிர் கூடாங்கில் ஆலைகள் 1986க்கு முன்பே வந்துவிட்டனவே, அங்கே கோரல் எழுதப் பழகியிருக்கலாமே எனலாம். வந்தன. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்தின் கிளையில் பொருள் உருவாகும். அதன் காப்புரிமையைத் தலைமையகம் கவனித்துக்கொள்ளும். பழைய வினாத்தாள்களைப் புரட்டினாலே தேறலாம் என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யலாம், கோரல் எழுதுவதை முடியாது. பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை ஒருவர் மழைநீர் விழாத மூடியோடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மூடியுள்ள களிமண் மங்கு’ என்று கோரினால் பிளாஸ்டிக்கில் செய்பவர் தப்பிவிடுவார். ‘மூடியுள்ள பாத்திரம்’ என்று விரித்தால் அடுப்படிச் சட்டியே குறுக்கே நிற்கும், புதுமை போயிற்று. நடுவே எங்கே நிற்பது என்பது எழுதி, திருத்தி வாங்கி, மறுபடி எழுதினால்தான் பிடிபடும். சட்டப் பட்டம் இருந்தால் இது தானாக வந்துவிடுமா? இந்தியாவில் வழக்கறிஞர்களுக்குத் தேர்வு எழுதாமலே காப்புரிமை முகவராகப் பதிய இருந்த சலுகையை 2005 திருத்தம் நீக்கியது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தம் செல்லாது என்றது. யாருக்குத் தகுதி என்ற வழக்கு அது. தகுதி கிடைத்தவருக்கும் அந்த மங்குக்குக் கோரல் எழுதும் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஆகவே குறிப்புப் புத்தகம் எத்தனை பக்கம் என்பதைவிட, எழுதிய கோரலை ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தித் தருகிறாரா என்றே முதலில் விசாரிக்க வேண்டும்.

பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் படிக்கலாமே என்பார்கள். சிங்கப்பூரும் பிரிட்டிஷ் காப்புரிமையைப் பதிந்துகொண்டிருந்த ஊர்தான். தன் சட்டத்தை 1995 பிப்ரவரியில்தான் நடப்புக்குக் கொண்டுவந்தது. கோரல் எழுதும் கைப்பழக்கம் அங்கேயும் கிடைக்கும். ஆனால் மலேசியத் தேர்வு எழுதுபவர் 1983 சட்டத்தின் காலக்கெடுக்களைத் தனியே படித்தாக வேண்டும்.